பாச்சை உருண்டை இல்லாத வீடு

என் மகனுக்குக் கிடைத்த முதல் பொருள் ஒரு பிளாஸ்டிக் பட்டை. வேலூர் ஆஸ்பத்திரியில் பிறந்த உடனே கணுக்காலில் சுற்றிவிட்டார்கள். அதில் என் பெயர். பெயருக்கு முன்னால் ‘இன்னாருடைய குழந்தை’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கில எழுத்துகள். எடை பார்த்தவர்களும் ஊசி போட்டவர்களும் அந்தப் பட்டையைப் படித்துவிட்டுத்தான் அவனைத் தொட்டார்கள். அவனுக்குப் பெயர் வைக்கிற வரை என் பெயர்தான் அவனுக்கும்.

எனக்கு அது பழகிய முறை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சோதனை லேபில் எனக்கு வேலை. தோல் லாட் லாட்டாக வரும், ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சீட்டு இருக்கும். சீட்டு கழன்றுபோன தோல் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நாங்கள் ஒதுக்கி வைத்துவிடுவோம். எங்கிருந்து வந்தது, எதில் ஊறியது என்று தெரியாத தோலை யார் நம்புவது? வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நர்ஸ் பட்டையை வெட்டிக் குப்பைக் கூடையில் போடப் போனார்.

“சிஸ்டர், அத எனக்குக் குடுங்க.”

“இதையா? எதுக்கு?”

“ஃபைலுக்கு.”

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். என் மகனுடைய ஃபைலில் முதலில் விழுந்தது அதுதான்.

ஃபைல் என்று சொல்கிறேனே தவிர, அது ஒரு ஷூ பெட்டி. வெளிநாட்டுக்கு சேம்பிள் அனுப்புகிற கனமான அட்டைப் பெட்டி. ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் நாலைந்தை மூலைகளில் போட்டிருந்தேன். மூடியின் உள்பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டினேன்: டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்த வகை, காது கேட்கும் சோதனை, தாய் சேய் அட்டை, தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ் (பெயர் பின்னால் சேர்க்கப்படும்). புதிதாக ஒன்று வந்தால் அடியில் ஒரு வரி கூடும். பெட்டியைத் திறந்தவர் யாராக இருந்தாலும், நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும், தேடியதை எடுக்க வேண்டும். அதுதான் என் கணக்கு.

பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் எத்தியோப்பியாவில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் டெக்னீஷியன். எங்கள் ஊர்களிலிருந்து நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள். பிரசவத்துக்கு லீவு கிடைக்கவில்லை. தகப்பன் என்று கேட்ட இடத்திலெல்லாம் நான் வாட்ஸப்பில் வந்த ஆதார் நகலைத்தான் நீட்டினேன். மாமனார் மாமியார் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். அவரை வளர்த்தது வாலாஜாவில் இருக்கும் அவருடைய அக்கா. எனக்கு அண்ணி, நாத்தனார், மாமியார் மூன்றும் அவர்தான். என் அம்மா நான் பாலிடெக்னிக் படிக்கும்போதே இறந்துவிட்டார்.

அம்மா இல்லாதது எவ்வளவு பெரிய இடைவெளி என்று எனக்குத் தெரிந்தது குழந்தை பிறந்த பிறகுதான். அவனுடைய குதிகாலில் குத்தி எடுத்த ரத்தச் சொட்டுக்கு ரிசல்ட் வந்திருக்கிறது, நேரில் வாருங்கள் என்று போன் வந்தது. என் வயதுள்ள டாக்டரம்மா. காகிதத்தை மேசையில் எனக்கு நேராகத் திருப்பி வைத்தார். ஜி6பிடி குறைபாடு. சிவப்பணுக்களைக் காப்பாற்ற வேண்டிய ஒரு நொதி இவனுக்குக் கம்மி.

“பயப்படாதீங்க. மத்த பிள்ளைங்க மாதிரியேதான் வளருவான். சில மருந்து கூடாது, லிஸ்ட் இந்த அட்டையில இருக்கு. அப்புறம் பீரோவுல போடுவீங்களே, வெள்ளையா, பாச்சை உருண்டை. அது வீட்டுலயே இருக்கக் கூடாது. அது போட்டு வச்ச துணிய மாட்டிவிட்டுட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகித் தூக்கிட்டு ஓடி வர்றாங்க.”

“போட்டா என்ன ஆகும்?”

“ரத்தம் உள்ளுக்குள்ளயே உடைய ஆரம்பிச்சிடும். வெளுத்துப்போனாலும், மஞ்சளானாலும், சிறுநீர் கருப்பா போனாலும் உடனே வந்துடணும்.” பேனாவைத் திறந்தார். “இது அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும். உங்க அம்மா பக்கம் ஆம்பளப் பிள்ளைங்க யாருக்காவது இந்த மாதிரி?”

“தெரியாது,” என்றேன். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். “உங்க அம்மாவுக்கு முன்னால ஒரு பையன் பொறந்து தங்கலன்னு சொல்லுவாம்மா. எதனாலன்னு யாரு கேட்டா அப்போ? ஒடம்பு மஞ்சளாய்டுச்சின்னு ஏதோ சொன்ன மாதிரி ஞாபகம்.”

பெயர் கேட்டேன். வைத்தார்களா என்றே தெரியாது என்றார்.

ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பையனைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்கு மாமா முறை. அவன் இருந்தான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. என் மடியில் இருப்பவனுக்குக் காகிதம் இருக்கிறது, ஆனால் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். நாளைக்கு நான் மயங்கி விழுந்தாலோ, வேலைக்குப் போனாலோ, இவனைக் கையில் வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்? தெரியாதவர் அன்போடு எடுத்துப் போடுகிற ஒரு சட்டை போதும். அன்றிலிருந்து எனக்கு வேறு கவலை இல்லை. இதே கவலை எல்லாவற்றையும் மூடிக்கொண்டுவிட்டது.

அன்று மாலையே பீரோ, அலமாரி, வாஷ்பேசின் என்று எல்லா இடத்திலிருந்தும் உருண்டைகளைப் பொறுக்கி எடுத்தேன். துணிகளை மொட்டைமாடியில் காயப் போட்டேன். அட்டையில் இருந்ததைத் தமிழில் பெரிதாக எழுதி வாசல் கதவில் ஒட்டினேன். முதலில் படித்தவர் கீழ் வீட்டு ஆபா. வீட்டு உரிமையாளர். அவர்கள் வீட்டில் உருது, என்னிடம் தமிழ்; ஆபா என்றால் அக்கா.

“இன்னாம்மா இது, பீரோ வாசம் வரக் கூடாதா? அப்ப நான் வர்லாமா கூடாதா? என் பொடவ பூரா அந்த வாசம்தான்.”

“பீரோவுலருந்து எடுத்த பொடவையோட மட்டும் தூக்காதீங்க ஆபா.”

“யா அல்லா! பொறந்ததுலருந்து இவன் இத்தனை கண்டிஷன் போடுறானே, பொண்டாட்டி வந்தா இன்னா பண்ணுவான்?” நோட்டீஸை இன்னொரு தரம் படித்தார். “சரி, நைட்டிலயே வர்றேன். நைட்டிய எவ பீரோவுல வைக்கிறா? அது கொடிலயேதான் கெடக்கும்.”

சொன்னபடியே செய்தார். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாலும், கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தாலும், நைட்டிக்கு மாறி, மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவார்.

அண்ணியிடம் இது அவ்வளவு எளிதாக முடியவில்லை.

எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போடுவதில்லை. நோய் நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளை போட்டுக் கழித்த துணியைக் கேட்டு வாங்கிப் போடுவார்கள். அந்தப் பிள்ளையின் ஆரோக்கியம் இதற்கும் வரட்டும் என்று. ஆஸ்பத்திரியில் என் பழைய காட்டன் புடவையைக் கிழித்துச் சுற்றியிருந்தபோது அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார்: “பையன் பரிட்ச முடியட்டும், பெட்டியத் தூக்கினு வர்றேன்.” அவருக்கு ஒரே பையன். அடுத்ததற்கு ரொம்ப நாள் காத்திருந்து, அது வராமலே போய்விட்டது. அந்தப் பையனின் சட்டைகளை அடுத்ததற்கு என்றுதான் பத்திரமாக வைத்திருந்தார்.

நான் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னேன்தான், ரத்தத்தில் ஒரு பிரச்சினை, சில மருந்து ஆகாது என்ற அளவில். பெட்டிக்குள் என்ன போட்டு வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வந்த அன்று பெட்டி வாசலுக்கு வருவதற்கு முன்னால் அந்த வாசம் மாடிப்படியில் ஏறி வந்தது.

“இன்னா கதவுல நோட்டீஸ் ஒட்டி வச்சிருக்க, ரேஷன் கடை மாதிரி?” என்று சிரித்துக்கொண்டே தகரப் பெட்டியை வாசற்படியில் வைத்தார்.

“அண்ணி, பெட்டி உள்ள வாணாம். அங்கயே இருக்கட்டும்.”

“உள்ள வாணாமா? இன்னா பேசுற?”

நோட்டீஸைக் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தோச்சிப் போட்டா?”

“தோச்சாலும் நம்ப முடியாது அண்ணி.”

“என்னையா, துணியையா?”

“துணியைத்தான்” என்று நான் சொல்வதற்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அவர் அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டார்.

“என் புள்ள இதப் போட்டுத்தான் வளந்தான். ஒரு காமால வர்ல. உன் புருஷன் நான் போட்ட துணியிலதான் வளந்தான். எங்க வூட்டு ரத்தத்துல இந்த மாதிரி எவனுக்கும் கெடையாது.”

“இது என் பக்கத்துலருந்து வந்தது அண்ணி.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தார். தூக்கவில்லை. பெட்டியைத் தொட்ட கை என்று நானாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்திருக்கலாம். தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஷூ பெட்டியைப் பார்த்தார். “கொழந்த பொறந்ததுலருந்து நீ பேப்பரத்தான் மடியில வச்சினு இருக்க,” என்றார். நான் போட்ட டீயைக் குடிக்காமல் இறங்கினார். தகரப் பெட்டி ஒவ்வொரு படியிலும் இடிக்கிற சத்தம் கீழே போய்ச் சேரும் வரை கேட்டது.

கணவர் போன் செய்தார். “அக்கா அழுவுது. ஒரு தடவ நல்லா வாஷ் பண்ணி, வெயில்ல போட்டு...”

“நீங்களும் கெமிஸ்ட்ரி படிச்சவர்தானே?”

“நீ சொல்றது சரிதான். ஆனா அதுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரில.”

எனக்கும் தெரியவில்லை. எங்கள் கம்பெனிக்கு வரும் ஐரோப்பிய வியாபாரிகள் ஒரு பட்டியல் அனுப்புவார்கள். தோலிலும் பசையிலும் எந்தெந்த ரசாயனம் இருக்கக் கூடாது என்ற பட்டியல். அதில் நாப்தலீனும் உண்டு, பாச்சை உருண்டையில் இருக்கும் அதே பொருள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பெயரைப் பார்க்கிறேன். எங்கோ குளிர் தேசத்தில் முகம் தெரியாத ஒரு குழந்தையின் காலில் அது படக் கூடாது என்று நான் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் யாரும் என்னிடம் கோபித்துக்கொள்வதில்லை. லேபில் ஃபெயில் என்று எழுதினால் லாட் திரும்பிப் போகும், அவ்வளவுதான். வீட்டில் ஃபெயில் என்று சொன்னால் மனிதர்கள் திரும்பிப் போகிறார்கள்.

அதன் பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். குழந்தைக்கு ரத்தத்தில் ஏதோ என்று சொந்தத்தில் செய்தி பரவியிருந்தது. வந்த ஒன்றிரண்டு பேரும் நோட்டீஸைப் படித்துவிட்டுத் தங்கள் புடவையை முகர்ந்து பார்த்துக்கொண்டு, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். நான் உள்ளே கூப்பிட்டேன். கூப்பிட்ட குரல் சரியாக இல்லையோ என்னவோ. தடுப்பூசி போடப் போகும் இடத்தில், சளிக்குக் காட்டப் போகும் இடத்தில், எங்கேயும் உட்காருவதற்கு முன் இவனுக்கு ஜி6பிடி குறைபாடு என்ற ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். சுகாதார நிலைய நர்ஸ் தடுப்பூசி அட்டையின் மேல் மூலையில் சிவப்பு மையால் எழுதிக் கட்டம் போட்டுக் கொடுத்தார். மூடியின் பட்டியலில் வரிகள் கூடிக்கொண்டே போயின. அவன் குப்புற விழுந்ததை, முதன்முதலில் சத்தம் போட்டுச் சிரித்ததைக்கூடப் பட்டியலில்தான் எழுதினேன். அப்போது சொல்வதற்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

லீவு முடியும் நாள் வந்தது. கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் நடக்கத் தொடங்கிய பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். அப்பாவால் தனியாகக் கைக்குழந்தையைப் பார்க்க முடியாது. ஆபாவுக்கு மூட்டுவலி, மாடி ஏறி இறங்குவதே பெரிய விஷயம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் பட்டியலில் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினார். அவருக்குப் போன் செய்வதற்கு முன் என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டேன். எழுதியதில் பாதிகூடச் சொல்ல முடியவில்லை.

“என் வூட்ல பாச்சா உருண்ட இருக்குதே,” என்றார் அண்ணி. “உனக்கு ஆவாதே.”

“அண்ணி, உங்கள விட்டா எனக்கு ஆள் இல்ல.”

“யோசிச்சு சொல்றேன்.”

ஒரு வாரம் போன் இல்லை. நானும் செய்யவில்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டார். “ஞாயித்துக்கெழம வா. பெட்டியோட வா. உன் பெட்டி. என் பெட்டி இல்ல.”

வேலூரில் பஸ் மாறி வாலாஜாவில் இறங்கினேன். தெருவுக்குள் திரும்பியதும் என் மூக்கு தானாகத் தேட ஆரம்பித்தது. வாசற்படியில் நின்றேன். சுண்ணாம்பு வாசம், சாம்பார் வாசம். வேறொன்றும் இல்லை. உள்ளே பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது.

“மாடிக்கு ஏத்திட்டா,” என்றார் அண்ணியின் கணவர். “நாலு ஆள் வச்சித் தூக்கினோம். ஒரு வாரமா அதுவும் வெயில்ல நிக்கிது, நானும் வெயில்ல நிக்கிறேன். என் ஒரு சட்டைக்கும் மடிப்பு இல்ல. ஆபீஸ்ல இன்னா சார் வூட்ல தகராறான்னு கேக்குறான்.”

“வாய மூடு, கொழந்த பயந்துக்கும்,” என்று அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். முழங்கை வரை ஈரம். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பி என்னிடம் காட்டினார், ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி. “பாஸா?”

“பாஸ் அண்ணி.”

குழந்தையை வாங்கிக்கொண்டார். தகரப் பெட்டி எங்கே என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். “தூக்கிப் போட மனசு வர்ல. எதுத்த வூட்டு அக்கா கட்டிலுக்குக் கீழ இருக்குது. நடுவுல ரோடு இருக்குது, போதுமா?”

“போதும்.”

ஷூ பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தேன். அவர் மூடியைச் சாத்தினார். “பேப்பர் இருக்கட்டும். நீ வாயால சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன். தப்பா சொன்னா சொல்லு.” சொன்னேன். திருப்பிச் சொன்னார். மருந்துப் பெயர்கள் வாயில் வரவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, “இதுங்களுக்கு அட்டைதான்,” என்றார். மற்றதெல்லாம் வந்தது.

அங்கே சில நாள் தங்கினேன். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கு. லேசாகத்தான். மருந்துக் கடைக்கென்று அண்ணி அவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பெட்டியை இடுக்கிக்கொண்டு பின்னால் போனேன். போய்ச் சேரும்போது அவர் தெருமுனை மருந்துக் கடையில் நின்றிருந்தார். கடைக்காரர் பாட்டில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“இத குடுங்கக்கா. கப்புனு நிக்கும்.”

என் வாய் திறந்தது. அதற்குள் அண்ணி பர்ஸைத் திறந்திருந்தார்.

“இரு தம்பி. மொதல்ல இதப் படி.” லேமினேட் செய்த அட்டை. நான் கொடுத்த நகலை எப்போது கொண்டுபோய் லேமினேட் செய்தார் என்று எனக்குத் தெரியாது. “எல்லா மருந்தும் இவனுக்கு ஒத்துக்காது. அதுல இருக்குதா, உன் பாட்டில்ல இருக்கிறது? பாரு.”

“இன்னாக்கா, ஒடம்புல ஏதாவது கோளாறா?”

“கோளாறும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க வூட்டு ரத்தம் இப்படி. தெரிலன்னா தெரிலன்னு சொல்லு. நான் டாக்டர்கிட்ட போறேன்.”

அவர் அட்டையையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். “டாக்டர்கிட்டயே காட்டிடுங்கக்கா. உப்பு சர்க்கரைத் தண்ணி பாக்கெட் மட்டும் தர்றேன்.”

“இத மொதல்லயே சொல்லிருக்கலாம் இல்ல? கப்புனு நிக்குமாம்!”

நான் இரண்டடி பின்னால், வெயிலில் நின்றிருந்தேன். எங்க வூட்டு ரத்தம். பதிவின்படி அது தவறு. அது என் அம்மா வழி வந்தது. பெயர்கூடத் தெரியாத அந்தப் பையனோடு சேர்ந்தது. குடும்ப விவரம் என்ற இடத்தில் தவறாக ஒன்று ஏறினால் திருத்தாமல் என்னால் இருக்க முடியாது. அன்று திருத்தவில்லை. அண்ணி திரும்பி என்னைப் பார்த்து, “இன்னா நின்னுட்ட, வா,” என்றார். டாக்டரிடம் போனோம். தண்ணீரே போதும் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் அசல் காகிதங்களை எல்லாம் அங்கேயே வைத்துவிட்டு, நகல்களை எடுத்துக்கொண்டேன். குழந்தை இருக்கிற இடத்தில்தான் அசல் இருக்க வேண்டும். கணுக்கால் பட்டையை மட்டும் எடுத்து வந்தேன். குழந்தை அண்ணியின் இடுப்பில் உட்கார்ந்து அவருடைய வளையலைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் படி இறங்கியதைக் கவனிக்கவில்லை. பஸ்ஸில் மடியில் ஷூ பெட்டி இருந்தது. அது அவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

இனி சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்ப வேண்டும். ஆசைப்பட்டது நடந்துவிட்டது. நான் இல்லாத இடத்திலும் அவனைப் பற்றித் தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஆம்பூர் நெருங்கும்போது தோல் வாசம் ஜன்னல் வழியாக வந்தது. இத்தனை மாதமாக எந்த வாசம் வந்தாலும் என் முதுகு நிமிரும். இப்போது நிமிர வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டைத் திறந்து தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் மெதுவான காலடி. ஆபா. நைட்டி, மேலே துப்பட்டா. தலையில் மட்டும் கல்யாண வீட்டுப் பூ கலையாமல் இருந்தது.

“புள்ள இல்லியே ஆபா. வாலாஜால விட்டுட்டு வந்தேன்.”

அவர் தன்னுடைய நைட்டியைக் குனிந்து பார்த்தார். “நீ சொல்லிட்டுத்தான் போன, மறந்தேபோச்சு. நிக்காவுக்குப் போய்ட்டு பட்டுப் பொடவையோட வந்தேன். மேல உன் கதவு திறந்திருக்குதேன்னு, போய் மாத்தினு ஏறுறேன். பாதிப் படியிலதான் ஞாபகம் வந்தது.”

“அப்புறம் ஏன் ஏறினீங்க? முட்டி வலிக்குமே.”

“பாதிப் படி ஏறிட்டேன். எறங்குனாலும் அதே வலிதானே?” என்று மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்து, தொட்டில் கொக்கிக்குக் கீழே வெறும் தரையில் உட்கார்ந்தார்.

நான் டீ வைக்கப் போனேன்.